அண்டாவுக்குள் காமாக் கதிர்

ஊசிப்பாறைச் சோதனைச் சாவடி என்றால் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். லாரி ஓட்டுகிற யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார். பட்டாசு ஆலைகளும் கல்குவாரிகளும் நிறைந்த மலையடிவாரத்திலிருந்து இறங்கி வருகிற சாலை, பெரிய நெடுஞ்சாலையில் போய்ச் சேருகிற இடத்தில் இருக்கிறது அந்தச் சாவடி. அங்கே நான்கு காவலாளிகள். யார் என்ன சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடியே செய்யக்கூடியவர்கள். கேட்பதற்கு நல்ல குணமாகத்தான் தோன்றும்.

தலைமைக் காவலாளி தவசிக்கண்ணு. அவருக்கு யோசிக்கத் தெரியும் என்று மற்ற மூவரும் நம்பினார்கள். யோசிக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார் என்பதுதான் அதற்கு ஆதாரம். அவருக்குக் கீழே பூதத்தானும் மாசானமும். நான்காவது ஆள் கதிரேசன். இந்தக் கதை அவனுக்கு நேர்ந்ததுதான்.

சாவடிக்கு வருவதற்கு முன்னால் கதிரேசன் ஒரு ஏ.டி.எம். வாசலில் காவல் இருந்தான். உள்ளே பணம் குறைந்தால் உடனே போன் செய்யச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொருவர் பணம் எடுத்துக்கொண்டு வெளியே வரும்போதும் கதிரேசன் போன் செய்தான். அந்த வேலை போயிற்று. பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் சேர்ந்தான். அழைப்பிதழ் இல்லாத யாரையும் உள்ளே விடாதே என்றார்கள். கல்யாணப் பெண்ணிடம் அழைப்பிதழ் இல்லை. அந்த வேலையும் போயிற்று.

அவன் மனைவி பேச்சி பொறுமைசாலிதான். ஆனாலும் இந்த வேலையையும் தொலைத்துவிட்டு வந்தால் தான் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டாள். கதிரேசன் அன்றைக்கே பேருந்து நிலையத்துக்குப் போய், அவள் அம்மா ஊருக்கு எப்போதெல்லாம் வண்டி இருக்கிறது என்று விசாரித்து வந்து சொன்னான். அவள் அழுதபோதுதான், தான் எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று அவனுக்குப் பட்டது. எங்கே என்று தெரியவில்லை. என்ன ஆனாலும் இந்த வேலையை மட்டும் விடக் கூடாது என்று மனதுக்குள் உறுதி செய்துகொண்டான்.

முன்பு இதே சாவடியில் இன்னொரு கதிரேசனும் இருந்தான். குழப்பம் வரக் கூடாது என்று இவனை ஊர்ப் பெயரின் முதல் எழுத்தையும் அப்பா பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். ஊர் காரைக்குளம், அப்பா மாடசாமி. ஆகவே கா.மா. கதிரேசன். அந்த இன்னொருவன் வேலையை விட்டுப் போன பிறகும் இவன் கா.மா. கதிராகவே நின்றுவிட்டான். வந்த வினை எல்லாம் அந்த இரண்டு எழுத்தால்தான்.

அதுவரைக்கும் சாவடியில் மூங்கில் கம்பால் மூட்டைகளைக் குத்திப் பார்த்துத்தான் சோதனை செய்தார்கள். தர்பூசணி லாரிகளை அவர்கள் குத்திய குத்தில் அந்தப் பக்கம் தர்பூசணி வருவதே நின்றுபோயிற்று. இப்படிப்பட்ட நாளில்தான் பட்டணத்திலிருந்து புது மிஷின் வந்து இறங்கியது. கூடவே ரெஜினா என்ற பொறியாளர் அம்மா வந்தார்.

லாரி வந்து நிற்கும் இடத்துக்கு ஒரு பக்கம் ஒரு சின்ன இரும்புப் பெட்டி. மறுபக்கம் உயரமான ஒரு கம்பம். தள்ளி ஓர் அறைக்குள் டிவி மாதிரி ஒரு திரை. பெட்டியிலிருந்து கிளம்புகிற கதிர் லாரியை ஊடுருவிக்கொண்டு மறுபக்கக் கம்பத்தில் விழும். லேசான சாமான் இருக்கும் இடம் திரையில் வெளுப்பாகவும், கனமான சாமான் இருக்கும் இடம் கறுப்பாகவும் தெரியும். மூட்டைக்கு நடுவில் யாராவது வெடிபொருளை ஒளித்து வைத்திருந்தால் பிரிக்காமலே கண்டுபிடித்துவிடலாம். இதுதான் விஷயம். ரெஜினா அம்மா இதைப் பொறுமையாகத்தான் விளக்கினார்.

விளக்கம் நடக்கும்போது வண்டிகள் வந்து தொந்தரவு செய்யக் கூடாது என்று கதிரேசனைச் சாலையில் நிறுத்திக் கையைக் காட்டச் சொல்லியிருந்தார்கள். கையை இறக்கச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டதால் அவன் பொழுது சாயும் வரை கையைத் தூக்கியபடியே நின்றான். அதனால் ரெஜினா அம்மா பேசியது எதுவும் அவன் காதில் விழவில்லை. மற்ற மூவர் காதிலும் விழுந்தது. அதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று.

"இங்கே வேலை செய்யப்போறது காமாக் கதிர்" என்று ஆரம்பித்தார் ரெஜினா அம்மா. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கதிர் கண்ணுக்குத் தெரியாது. ஆனா இரும்பைக்கூட ஊடுருவிப் போயிரும். எவ்வளவு மறைச்சு வச்சாலும் கதிர்கிட்டேயிருந்து தப்பிக்க முடியாது. அதே சமயம் ரொம்ப ஆபத்து. கதிர் யார் மேலயும் படக் கூடாது. எப்பவும் ஈயக் கவசத்துக்குள்ளதான் இருக்கணும். வேலை முடிஞ்சதும் மூடிரணும்."

இதோடு இன்னும் சிலவற்றையும் சொன்னார். மிஷினைச் சுற்றித் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டை எக்காரணத்தைக் கொண்டும் தாண்டக் கூடாது. நெஞ்சில் பட்டை இல்லாமல் யாரும் வேலைக்கு வரக் கூடாது. இதற்காக, மேலே எவ்வளவு கதிர் பட்டது என்று காட்டும், சட்டையில் குத்திக்கொள்ளும் பட்டை வில்லைகளையும் கொடுத்தார். வெடிபொருள் கிடைத்தால் யாரும் கை வைக்கக் கூடாது. உடனே மேலிடத்துக்குச் சொல்லிவிட வேண்டும். கடைசியாக, அரசாங்க அனுமதி வந்ததும் தானே வந்து மிஷினை ஓட்டிக் காட்டுவதாகவும் அதுவரை அந்தப் பெட்டியைத் தொட வேண்டாம் என்றும் சொல்லிப் பெட்டியைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போனார். பெட்டியைத் தொடாமல் இருந்ததில் மட்டும் நம் ஆட்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கார் மறைந்ததும் மூவரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"நம்ம கா.மா. கதிர்கிட்ட இப்படி ஒரு சக்தி இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை" என்றார் தவசிக்கண்ணு.

"கூடவே இருந்திருக்கான். ஒரு வார்த்தை சொல்லலையே, அண்ணாச்சி" என்றான் பூதத்தான்.

"அவனுக்கே தெரியாதுவே. அந்த அம்மாதான் சொன்னாங்களே, கதிர் கண்ணுக்குத் தெரியாதுன்னு. அவன் கண்ணுல அப்படி ஒண்ணு இருக்குங்கறது அவன் கண்ணுக்கே தெரியாது."

மாசானத்துக்கு ஒரு சந்தேகம். "அவங்க கதிரை அது இதுன்னு சொன்னாங்களே. ஒரு மரியாதைக்காவது 'அவர்'னு சொல்லக் கூடாதா?"

"பட்டணத்துல அப்படித்தான் பேசுவாங்க" என்று தவசிக்கண்ணு முடித்துவைத்தார்.

அடுத்து ஈயக் கவசம். பூட்டிய பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்கள். அதற்குள் கதிரேசன் போக மாட்டான். மடித்து வைக்கலாமா என்று பூதத்தான் கேட்டான். மடித்து வைத்தால் ஒவ்வொரு லாரிக்கும் பிரிக்க வேண்டியிருக்கும் என்று மாசானம் சொன்னான். தவசிக்கண்ணு கண்ணை மூடினார். திறந்தபோது வழி பிறந்திருந்தது. பக்கத்து ஊர்க் கல்யாணச் சமையல்காரரிடம் ஒரு பெரிய பித்தளை அண்டா இருக்கிறது. போன மாதம்தான் உள்பக்கம் முழுக்க ஈயம் பூசியது.

சாலையில் கையைத் தூக்கி நின்றிருந்த கதிரேசனைப் பத்தடி தள்ளி நின்று கூப்பிட்டு, விஷயத்தைச் சொன்னார்கள். அவன் முதலில் நம்பவில்லை. பிறகு, இவ்வளவு படித்த ஒரு அம்மா காரில் வந்து சொல்லியிருக்கும்போது தான் மறுப்பது மரியாதையாக இருக்காது என்று நினைத்தான். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அவனைப் பற்றி யாரும் அதுவரை நல்லதாக எதுவும் சொன்னதில்லை.

மறுநாளிலிருந்து கதிரேசன் அண்டாவுக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தான். லாரி வந்து நின்றதும் மாசானம் ஒரு நீளக் கம்பால் மூடியைத் தள்ளுவான். கதிரேசன் விளிம்புக்கு மேல் தலையைத் தூக்கி லாரியை உற்றுப் பார்ப்பான். பார்த்து முடித்ததும் மூடி.

முதல் லாரியைப் பார்த்தபோது அவனுக்கு லாரிதான் தெரிந்தது. இதை எப்படிச் சொல்வது என்று அவன் தவித்துக்கொண்டிருக்க, என்ன தெரிகிறது என்று தவசிக்கண்ணு கேட்டார்.

"உள்ளே ஒண்ணும் தெரியலை, அண்ணாச்சி."

"ஒண்ணும் இல்லையாம், போகலாம்" என்று தவசிக்கண்ணு கொடியை அசைத்தார். கதிரேசனுக்கு நிம்மதியாயிற்று. தனக்குச் சக்தி இருப்பது உண்மைதான் போலிருக்கிறது என்று அன்று மாலைக்குள் அவனே நம்ப ஆரம்பித்தான்.

மஞ்சள் கோட்டில்தான் கொஞ்சம் சிரமப்பட்டார்கள். கோட்டைத் தாண்டாமல் லாரி உள்ளே வர முடியாது. ஆகவே ஒவ்வொரு லாரிக்கும் பூதத்தான் மண்ணெண்ணெய் ஊற்றிக் கோட்டைத் துடைத்துவிடுவான். லாரி உள்ளே வந்ததும் மறுபடி மஞ்சள் பெயிண்ட் அடிப்பான். வெளியே போகும்போது மறுபடி துடைப்பான். பெயிண்ட் காயும் வரை டிரைவர்கள் நிழலில் படுத்துத் தூங்கினார்கள். நெஞ்சில் பட்டை விஷயத்தில் ஒரு சிரமமும் இல்லை. காலையில் குளித்துவிட்டு மூவரும் சட்டையைத் திறந்து நெஞ்சில் திருநீற்றுப் பட்டை போட்டுக்கொண்டார்கள். ரெஜினா அம்மா கொடுத்த வில்லைகளை என்ன செய்வது என்று தெரியாமல் சாமி படத்துக்கு மாட்டிவிட்டார்கள்.

ஒரு நாள் முழு லாரியாகப் பட்டாசு வந்தது. பக்கவாட்டில் ஆள் உயரத்துக்குப் 'பட்டாசு, தீ அபாயம்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. அண்டாவிலிருந்து கதிரேசன் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, உள்ளே வெடிபொருள் இருக்கிறது என்றான். மூவரும் லாரியைச் சுற்றி நின்று விவாதித்தார்கள்.

"நமக்கு என்ன உத்தரவு? ஒளிச்சு வச்ச வெடிபொருளைப் பிடிக்கணும். இது ஒளிச்சு வச்சதா?"

"எங்க ஒளிச்சாங்க? ஒரு மைல் தூரத்துக்குத் தெரியுற மாதிரில்ல எழுதி வச்சிருக்காங்க."

"அப்ப டிரைவர் யோக்கியர். போகச் சொல்லு."

அதற்கு அடுத்து வந்த வைக்கோல் வண்டிக்காரர் மடியில் ஒரு தீப்பெட்டியைச் செருகி, மேலே துண்டைப் போட்டு மூடியிருந்தார். அவரை விடவில்லை. ஒளித்து வைத்ததற்கான காரணத்தைச் சொல்லும்வரை உட்கார வைத்தார்கள். துண்டு போடுவது தன் வழக்கம் என்று அவர் சொன்னது சரியான காரணமாகப் படவில்லை.

இதெல்லாம் நடக்கும்போது கதிரேசனுக்கு வீட்டில் நிலைமை சரியாக இல்லை. கதிர் யார் மேலும் படக் கூடாது என்ற செய்தி பேச்சிக்கும் போயிருந்தது. அவள் சோற்றுத் தட்டைத் தரையில் வைத்து விளக்குமாற்றால் அவன் பக்கம் தள்ளினாள். பாய் வாசல் பக்கம் போனது. அவன் தும்மினால்கூட அவள் அடுக்களைக்குள் ஓடினாள். "உங்க மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லை. ஆபத்துன்னு சொல்லுதாங்களே" என்றாள். கதிரேசனும் ஒத்துக்கொண்டான். ஆனால் படுக்கும்போது, லாரிக்குள் பார்க்கிற சக்தி இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது மண்டல அதிகாரி வைத்தியலிங்கத்திடமிருந்து தகவல் வந்தது. இந்த வாரம் ஏதாவது ஒரு லாரியில் போலி வெடிகுண்டு ஒன்றை ஒளித்து அனுப்புவார்கள். கண்டுபிடிக்காவிட்டால் நான்கு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மிஷின் இன்னும் திறக்கப்படவே இல்லை என்பது வைத்தியலிங்கத்துக்குத் தெரியாது. அவருடைய அலுவலகமும் ரெஜினா அம்மாவின் அலுவலகமும் ஒரே கட்டடத்தில் இருந்ததால் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

கதிரேசன் அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பேச்சி அம்மா ஊருக்குப் போகிற வண்டி நேரமெல்லாம் அவனுக்கு மனப்பாடமாக இருந்தது, அதுதான் வேதனை.

அந்த லாரி ஒரு வெயில் மத்தியானத்தில் வந்தது. பாரம் முழுக்கப் பொரி மூட்டை. பொரிக்கு நடுவே களிமண்ணும் மரக்கட்டையும் ஒயரும் சேர்த்துக் கட்டிய போலி குண்டு. பொரி திரையில் வெள்ளையாகத் தெரியும், கட்டை கறுப்பாகத் தெரியும், பச்சைக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும் என்றுதான் வைத்தியலிங்கம் எண்ணியிருந்தார். ஜீப்பைச் சாலைக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டுக் குடை நிழலில் நின்று கவனித்தார்.

மாசானம் மூடியைத் தள்ளினான். கதிரேசன் தலையைத் தூக்கினான். காலையிலிருந்து வெயிலில் கிடந்த பித்தளை அண்டா அடுப்பில் வைத்ததுபோல் காய்ந்திருந்தது. அவன் உற்றுப் பார்த்தான். லாரி இரண்டாகத் தெரிந்தது. பிறகு மூன்றாக. ஒரு லாரியையே ஊடுருவ முடியவில்லை, மூன்றை எப்படி ஊடுருவுவது என்று மலைத்துப் போனான். மண்டைக்குள் யாரோ சம்மட்டியால் அடிப்பது போலிருந்தது.

"அண்ணாச்சி" என்றான் ஈனசுரத்தில். "வெடிக்கப் போகுது."

அவன் சொன்னது தன் மண்டையை. ஆனால் அவன் அதைத் தெளிவுபடுத்துவதற்குள் வேலை முடிந்ததென்று மாசானம் மூடியைப் போட்டுவிட்டான்.

உடனே மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரத்தில் இருப்பதிலேயே மேலான இடம் சாவடிக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டி. மாசானம் அதன் ஏணியில் ஏறி உச்சியில் நின்று, பொரி லாரியில் வெடிபொருள் இருக்கிறது என்று தொட்டிக்குத் தகவல் சொல்லிவிட்டு இறங்கினான். இதற்குள் தவசிக்கண்ணுவும் பூதத்தானும் லாரி மேல் ஏறிவிட்டார்கள். கை வைக்கக் கூடாது என்பதால் இருவரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மூட்டைகளைக் காலால் உதைத்தார்கள். பொரி மழையாகக் கொட்டியது. கடைசி மூட்டைகளோடு அந்தக் குண்டும் உருண்டு வந்து வைத்தியலிங்கத்தின் ஜீப்புக்குப் பக்கத்தில் விழுந்தது.

வைத்தியலிங்கம் பொரியைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தார். அவர் எத்தனையோ சாவடிகளுக்குச் சோதனை வைத்திருக்கிறார், ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. அவர் கண்கள் கலங்கிவிட்டன. அந்த மிஷினையும் அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"எது கண்டுபிடிச்சது?" என்று கேட்டார்.

"காமாக் கதிர்தான் சார்" என்று தவசிக்கண்ணு அண்டாவைக் காட்டினார். "உள்ளே இருக்கு. ஈயம் பூசினது."

"மூடிட்டீங்கல்ல? அதுதான் முக்கியம்" என்று வைத்தியலிங்கம் இரண்டடி பின்னால் போனார். "எப்படி, நல்லா வேலை செய்யுதா?"

"நல்லாச் செய்யுது சார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் மட்டும் கொஞ்சம் மந்தமா இருக்கும்."

எல்லா மிஷினும் அப்படித்தான் என்று அதிகாரி சொன்னார். மிஷினுக்கு மாலை போட வேண்டும் என்றும் சொன்னார். ஒரு பத்திரிகைக்காரரை வரவழைத்து, மாலை போட்ட அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று, நெஞ்சில் பட்டையோடு நின்ற மூவரையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார். உள்ளே கதிரேசன் வேர்வையில் ஊறிக்கொண்டு எல்லாப் பாராட்டையும் கேட்டான். வேலை நிலைத்துவிட்டது. அவனுக்கு அழுகையே வந்தது.

பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்த ரெஜினா அம்மா மறுநாள் காலையில் காரில் பறந்து வந்தார். அண்டாவின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். கதிரேசன் எழுந்து வணக்கம் சொன்னான். அவர் அப்படியே பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினார். கதிர் என்பது வெளிச்சத்தைப் போன்ற ஒன்று, ஆள் அல்ல. அது அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அனுமதியும் அன்றைக்குத்தான் வந்திருந்தது. பெட்டியைத் திறந்து, ஒரு லாரியை நிறுத்தி ஓட்டியே காட்டினார். திரையில் லாரியின் உள்ளும் புறமும் சித்திரம் போல் தெரிந்தது. டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்த தூக்குச் சட்டிகூடத் தெரிந்தது. நான்கு பேரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"இப்பப் புரிஞ்சுதா? பெட்டிக்குள்ள இருக்கே, அதுதான் காமாக் கதிர். இவர் கதிர் இல்லை" என்றார் ரெஜினா அம்மா. நன்றாகப் புரிந்தது என்று நால்வரும் சொன்னார்கள். மிஷினை ஓட்ட நாளையிலிருந்து பட்டணத்து ஆட்களே வருவார்கள் என்று சொல்லிவிட்டு, மனநிறைவோடு காரில் ஏறிப் போனார்.

தவசிக்கண்ணு வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். திறந்தபோது அவர் பார்வை கதிரேசன் மேல் விழுந்தது.

"கதிர் பெட்டிக்குள்ள இருக்குன்னா, இத்தனை நாளா அண்டாவுக்குள்ள ஒளிஞ்சிருந்தது யாரு?"

இந்தக் கோணத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை. பூதத்தானும் மாசானமும் மெல்ல விலகி நின்றார்கள்.

"நானும் அதைத்தான் அண்ணாச்சி யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்றான் கதிரேசன்.

"உண்மையைச் சொல்லு தம்பி. நீ யாரு?"

"நேத்து வரைக்கும் கதிருன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். படிச்சவங்க வந்து இல்லைன்னு சொன்ன பிறகு நான் எப்படி அடிச்சுச் சொல்ல முடியும்?"

அவன் பேச்சில் பொய் இல்லை என்பதை மூவரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. தவசிக்கண்ணு சாயங்கால வருகைப் பதிவு எடுக்க ஆரம்பித்தார். "கா.மா. கதிரேசன்" என்று கூப்பிட்டதும் அந்தப் பெட்டி லேசாக 'ம்ம்' என்று உறுமியது. கதிரேசன் நுனிநாக்கு வரை வந்த 'உள்ளேன்' என்பதை விழுங்கிக்கொண்டான். விசாரணை முடியும்வரை ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று மட்டும் சொல்லி அவனை அனுப்பினார்கள்.

அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. தட்டினான்.

"யாரது?" என்று உள்ளேயிருந்து பேச்சி கேட்டாள்.

கதிரேசன் தட்டிய கையை இறக்கிக்கொண்டான். "அதைத்தாம்மா விசாரிச்சுக்கிட்டு இருக்காங்க" என்றான்.

"குரல் எங்க வீட்டுக்காரர் குரல் மாதிரி இருக்கே."

"எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா நிச்சயமாத் தெரியாம ஒரு பொம்பளை கிட்ட அப்படிச் சொல்லக் கூடாதில்லையா?"

பேச்சிக்கு அது நியாயமாகப் பட்டது. முன்பின் தெரியாத ஆள் வந்தால் கதவைத் திறக்கக் கூடாது என்று தன் வீட்டுக்காரர் சொல்லியிருப்பதாகவும், அவர் வருகிற நேரம்தான், வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். இவ்வளவு எச்சரிக்கையான மனைவி கிடைத்த மனிதர் யாராக இருந்தாலும் கொடுத்துவைத்தவர் என்று கதிரேசன் நினைத்தான். வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான். ஜன்னல் வழியாக அவள் ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டினாள். விளக்குமாற்றால் தள்ளாமல் கையாலேயே கொடுத்தாள்.

தெருவில் விளக்கு போட்டார்கள். வீட்டுக்காரர் வரவில்லை. பேச்சி ஜன்னலில் வந்து நின்று தெருவை எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வாடியிருந்தது.

"இவ்வளவு நேரம் ஆகாதே. நீங்க கொஞ்சம் சாவடி வரைக்கும் போய் அவரைப் பாத்துட்டு வர்றீங்களா?"

கதிரேசனுக்கு மனசு கேட்கவில்லை. உடனே எழுந்தான். ஆள் எப்படி இருப்பார், என்ன நிறச் சட்டை போட்டிருப்பார் என்று அடையாளங்களைக் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டு, வேகமாக நடந்தான்.